சம்பளத்தைக் கேட்பதற்கு முன் படுக்கையை எண்ணுங்கள்

வாசகர் கேள்வி – செவிலியர் பதில்

(அரசு மருத்துவமனைகளில் நீண்ட காலம் பணியாற்றி ஓய்வுபெற்ற செவிலியர் கண்காணிப்பாளர் ஒருவர், நர்சிங் படிப்பு, வேலை, சம்பளம் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறார்.)

இந்த ஆண்டு பி.எஸ்ஸி. நர்சிங் முடித்தேன். எங்கள் ஊரில் 60 படுக்கைகள் கொண்ட தனியார் மருத்துவமனையில் மாதம் 11,000 ரூபாய் தருவதாகச் சொல்கிறார்கள். அசல் சான்றிதழ்களை இரண்டு ஆண்டுகளுக்கு அவர்களிடம் கொடுத்துவிட வேண்டுமாம். அப்பாவோ, வீட்டில் இருந்து அரசுத் தேர்வுக்குப் படி என்கிறார். என்ன செய்வது?
– ஒரு வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

படுக்கை எண்ணிக்கையையும் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு வரும் கடிதங்களில் பத்தில் ஒன்பது பேர் சம்பளத்தை மட்டும்தான் எழுதுகிறார்கள். இந்தத் தொழிலில் ஒரு மருத்துவமனையில் எத்தனை படுக்கை என்பதுதான் மற்ற எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. உங்களுக்கு எவ்வளவு தந்திருக்க வேண்டும், என்ன கற்றுக்கொள்வீர்கள், நாளைக்கு உங்கள் அனுபவத்தை யார் ஏற்பார்கள் என்ற மூன்றுக்கும் பதில் அந்த எண்ணில் இருக்கிறது.

முதலில் சம்பளம். தனியார் மருத்துவமனைச் செவிலியர்களின் ஊதியம் குறித்த வழக்கில் 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு குழு அமைக்கச் சொன்னது. அந்தக் குழு படுக்கைக் கணக்கில்தான் பரிந்துரை தந்தது. 200 படுக்கைக்கு மேல் இருந்தால் அந்த மாநில அரசுச் செவிலியருக்கு இணையான சம்பளம். 100-க்கு மேல் 200 வரை என்றால் அதைவிட 10 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது. 50 முதல் 100 வரை என்றால் 25 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது. ஐம்பதுக்கும் குறைவான படுக்கை உள்ள சின்ன நர்சிங் ஹோமாக இருந்தாலும் 20,000 ரூபாய்க்குக் கீழே போகக் கூடாது.

இப்போது உங்கள் கணக்கைப் போடுவோம். தமிழக அரசில் நிரந்தரப் பணியில் சேரும் செவிலியர் அகவிலைப்படியோடு சேர்த்து ஐம்பதாயிரத்தைத் தாண்டித்தான் தொடங்குகிறார். ஐம்பதாயிரம் என்றே வைத்துக்கொள்வோம். நான்கில் ஒரு பங்கைக் கழித்தால் 37,500. உங்களுக்குச் சொல்லியிருப்பது 11,000.

ஆனால் இதை எடுத்துக்கொண்டு போய் அந்த நிர்வாகியின் மேஜையில் வைத்தால் அவர் சிரிப்பார். அது பரிந்துரை, சட்டமல்ல. மத்திய அரசு அதை மாநிலங்களுக்கு அனுப்பி வைத்தது, அவ்வளவுதான். கேரளத்தில் மட்டும் செவிலியர்கள் விடவில்லை. 2017-இல் வேலைநிறுத்தம் வரை போனார்கள். 2018-இல் அந்த மாநில அரசு குறைந்தபட்ச ஊதியத்தை 20,000 என்று அறிவித்தது. அங்கேயும் படுக்கை எண்ணிக்கை கூடக்கூடச் சம்பளமும் கூடும்படிதான் வைத்தார்கள். களியக்காவிளையைத் தாண்டினால் ஒரு சம்பளம், தாண்டாவிட்டால் ஒரு சம்பளம் என்பது எனக்கு இன்றும் ஆறவில்லை. நம் பெண்கள் போடும் ஐ.வி. ஊசி இந்தப் பக்கம் என்ன மலிவான நரம்பிலா ஏறுகிறது?

இங்கே நடைமுறையில் புதிதாக வருபவருக்கு என்ன கிடைக்கிறது? என்னிடம் வேலைக் கடிதத்தைக் காட்ட வரும் பெண்களை வைத்துச் சொல்கிறேன். தாலுகா ஊர்களில் எட்டாயிரத்தில் தொடங்கிப் பன்னிரண்டாயிரம் வரை. மதுரை, கோவை போன்ற நகரங்களின் பெரிய மருத்துவமனைகளில் பதினைந்தாயிரத்தை ஒட்டி. சென்னையின் கார்ப்பரேட் மருத்துவமனைகளில் பதினெட்டிலிருந்து இருபத்திரண்டாயிரம் வரை. ஆனால் வாடகையும் சாப்பாடும் அதில் பாதியை விழுங்கிவிடும். ஆக, 11,000 என்பது உங்கள் ஊர் வழக்கத்துக்குப் புறம்பானது அல்ல. வழக்கமே அநியாயமாக இருக்கிறது.

அடுத்தது சான்றிதழ். கொடுக்காதீர்கள். சரிபார்க்க ஒரு மணி நேரம் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தால் சரி. பூட்டி வைப்பேன் என்றால் வேண்டாம். கல்விச் சான்றிதழ் பிணையாகப் பிடித்து வைக்கும் பொருள் அல்ல என்று சென்னை உயர் நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. அது ஒருபுறம் இருக்க, அரசுத் தேர்வில் தேறிச் சான்றிதழ் சரிபார்ப்புக்கு அழைப்பு வரும்போது அந்த அசல்கள் உங்கள் கையில் இருக்க வேண்டும். அன்றைக்குப் போய் நிர்வாகியின் அறை வாசலில் காத்துக் கிடக்க முடியாது. எனக்குத் தெரிந்த ஒரு பெண் அந்த நிலையில், மிச்ச மாதங்களுக்கான சம்பளத்தைத் தன் கையிலிருந்து கட்டி, வாங்கிய சம்பளத்தையே திருப்பிக் கொடுப்பதுபோலக் கொடுத்துச் சான்றிதழை மீட்டாள்.

அப்பா சொல்வதிலும் பாதி நியாயம் இருக்கிறது. பி.எஸ்ஸி. முடித்தவர்களுக்கு எய்ம்ஸ் மருத்துவமனைகளுக்கான நார்செட் தேர்வு எழுத அனுபவம் தேவையில்லை. ஆனால் வீட்டில் உட்கார்ந்து படித்தால் ஓராண்டில் கை மறந்துவிடும். என் யோசனை, 11,000-க்கு 60 படுக்கையில் சேர்வதைவிட, சம்பளம் இரண்டாயிரம் முன்னே பின்னே இருந்தாலும் மதுரையில் 200 படுக்கைக்கு மேல் உள்ள இடத்தில், ஐ.சி.யூ.வோ அவசரப் பிரிவோ கிடைக்கும் இடத்தில் சேருங்கள். வென்டிலேட்டரில் இருக்கும் நோயாளியைப் பார்க்கத் தெரிந்த செவிலியருக்கும், வார்டில் மாத்திரை கொடுக்க மட்டும் தெரிந்தவருக்கும் இரண்டு ஆண்டு கழித்துச் சந்தையில் விலை ஒன்றல்ல. தேர்வுக்கு டூட்டி இல்லாத நேரத்தில் படியுங்கள். நைட் டூட்டி முடிந்த மறுநாள் படிக்க முடியாது, அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

மகள் படிப்புக்குக் கடன் வாங்கி ஐந்து லட்சத்துக்கு மேல் செலவழித்துவிட்டேன். நர்சிங் படித்தால் அரசு வேலை நிச்சயம் என்றார்கள். உண்மைதானா?
– ஒரு தகப்பனார், சங்கரன்கோவில்

ஐயா, நான் படித்த காலத்தில் அரசு நர்சிங் பள்ளியில் முடித்தவர்களுக்கு அது ஏறக்குறைய உண்மை. இன்று தனியார் கல்லூரிக்கு ஆள் பிடிப்பவர்கள் சொல்லும் வசனம்.

அரசுச் செவிலியர்களை இப்போது மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம், அதாவது எம்.ஆர்.பி., தேர்ந்தெடுக்கிறது. 2015-இல் அது நடத்திய தேர்வில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் எடுக்கப்பட்டார்கள். மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம், அதாவது படிகள் எதுவும் இல்லாத ஒட்டுமொத்தத் தொகை. இரண்டு ஆண்டில் காலமுறை ஊதியத்துக்கு, அதாவது நிரந்தரப் பணியாளரின் சம்பளத்துக்குக் கொண்டுவருவோம் என்பது பேச்சு. அந்தப் பேச்சை நம்பிச் சேர்ந்தவர்களில் எத்தனையோ பேர் பிள்ளை பெற்று, பிள்ளையைப் பள்ளியில் சேர்த்து, அதற்குப் பிறகும் தொகுப்பூதியத்திலேயே இருந்தார்கள். 7,700 பிறகு 14,000 ஆனது, பிறகு 18,000 ஆனது. ஒவ்வொரு ஏற்றத்துக்கும் பின்னால் சென்னையில் ஒரு போராட்டம் இருக்கிறது. கொரோனா காலத்தில் அவசரமாக எடுத்தவர்களை 2022 டிசம்பர் 31-ஓடு நிறுத்தினார்கள். பி.பி.இ. உடைக்குள் வியர்வையில் நின்றவர்கள் அவர்கள்.

ஆகவே ‘அரசு வேலை’ என்று யாராவது சொன்னால், காலமுறை ஊதியமா தொகுப்பூதியமா என்று கேளுங்கள். மாவட்ட நலவாழ்வுச் சங்கம் மூலம் வரும் விளம்பரங்களில் உள்ள பணியிடங்கள் ஒப்பந்த அடிப்படையில்தான். அந்த 18,000 தனியாரைவிட மேல் என்று சேரலாம், தவறில்லை. ஆனால் நிரந்தரம் ஆகும் என்ற கணக்கில் வீட்டுக் கடன் வாங்கிவிடாதீர்கள்.

மத்திய அரசு வேறு கதை. எய்ம்ஸ் செவிலிய அலுவலருக்கு அடிப்படைச் சம்பளமே 44,900 ரூபாயில் தொடங்குகிறது. ரயில்வே மருத்துவமனைகளிலும் அதே நிலை. 2024 அறிவிப்பில் அந்தப் பதவிக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் ‘நர்சிங் சூப்பரின்டென்டன்ட்’. பெயரைப் பார்த்துப் பெரிய பதவி, நமக்கில்லை என்று நம் பிள்ளைகள் விண்ணப்பிக்காமல் விட்டுவிடுகிறார்கள். அது நுழைவுப் பதவிதான். நார்செட் தேர்வுக்குப் பொதுப் பிரிவில் 30 வயது வரை, பிற்படுத்தப்பட்டோருக்கு மூன்று, பட்டியல் இனத்தவருக்கு ஐந்து ஆண்டு தளர்வு. வடநாட்டுப் பிள்ளைகள் இந்தத் தேர்வுக்காக அறை எடுத்துத் தங்கிப் படிக்கிறார்கள். உங்கள் மகளுக்கு ராய்ப்பூரிலோ பட்னாவிலோ போய்த் தங்க மனமும், அனுப்ப உங்களுக்குத் தைரியமும் இருந்தால், வாங்கிய கடனை அடைக்க இதைவிட நேரான வழி இந்த நாட்டுக்குள் இல்லை.

டிப்ளமோவா, பி.எஸ்ஸி.யா? எதில் சேரலாம்?
– பிளஸ் டூ மாணவி, அரியலூர்

அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தால் எது கிடைக்கிறதோ அது. தனியாரில் பணம் கட்டித்தான் படிக்க வேண்டும் என்றால் பி.எஸ்ஸி.தான். நார்செட் எழுத டிப்ளமோ முடித்தவர்களுக்கு, குறைந்தது 50 படுக்கை உள்ள மருத்துவமனையில் இரண்டு ஆண்டு அனுபவம் வேண்டும். பட்டதாரிக்கு வேண்டாம். சேரும் முன் அந்தக் கல்லூரிக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். அதோடு, மாணவிகளை வார்டுப் பயிற்சிக்கு எந்த மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள், அங்கே நோயாளிகள் உண்மையில் படுத்திருக்கிறார்களா என்றும் நேரில் போய்ப் பாருங்கள். காலிப் படுக்கைகளில் கற்றுக்கொள்ள எதுவும் கிடையாது.

வேலைக் கடிதத்தில் 17,960 என்று போட்டிருந்தார்கள். முதல் மாதம் வங்கியில் 12,940 வந்தது. ஐயாயிரம் எங்கே போனது?
– ஸ்டாஃப் நர்ஸ், சென்னை

நீங்கள் அனுப்பிய சம்பளச் சீட்டைப் பார்த்தேன். திருட்டு இல்லை, ஆனால் சொன்ன விதத்தில் சாமர்த்தியம் இருக்கிறது. உங்களிடம் சொன்ன தொகைக்கு சி.டி.சி. என்று பெயர். நிறுவனம் உங்களுக்காகக் கட்டும் பங்கையும் சேர்த்துச் சொல்வது அது. உங்கள் மொத்தச் சம்பளம் 16,000. அதில் அடிப்படை 12,000. அதன்மேல் நிறுவனம் கட்டும் பி.எஃப். 12 சதவீதம் 1,440, இ.எஸ்.ஐ. 3.25 சதவீதம் 520. கூட்டினால் 17,960. இனி உங்களிடம் பிடிப்பது: பி.எஃப். 1,440, இ.எஸ்.ஐ. 0.75 சதவீதம் 120. மிச்சம் 14,440. விடுதிக்கு 1,500 பிடித்திருக்கிறார்கள். 12,940.

பி.எஃப். பணம் உங்களுடையதுதான். உங்கள் பி.எஃப். கணக்குக்கான யு.ஏ.என். எண்ணைக் கேட்டு வாங்கி, மாதாமாதம் உண்மையில் கட்டுகிறார்களா என்று கைப்பேசியில் பாருங்கள். பிடித்துவிட்டுக் கட்டாத இடங்களும் உண்டு. இ.எஸ்.ஐ.யைப் பிள்ளைகள் வெட்டிச் செலவு என்று நினைக்கிறார்கள். மாதம் 21,000 வரை சம்பளம் வாங்குபவர்களுக்கான காப்பீடு அது. உங்களை நம்பியிருக்கும் பெற்றோரையும் சேர்க்கலாம். இத்தனை நாள் ஊரார் அம்மாவுக்குச் சர்க்கரை பார்த்துவிட்டு, தன் அம்மாவுக்குக் காசு கொடுத்து மருந்து வாங்கும் செவிலியர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இரண்டும் பிடிக்காமல் ‘கையில் முழுதாகத் தருகிறோம்’ என்று சொல்லும் நர்சிங் ஹோம்தான் உண்மையில் உங்களை ஏமாற்றுகிறது.

இன்னொன்று. மருத்துவமனைகளும் நர்சிங் ஹோம்களும் தமிழ்நாட்டின் குறைந்தபட்ச ஊதியப் பட்டியலில் உள்ள தொழில்தான். தொழிலாளர் துறை அதற்கான அகவிலைப்படியை ஏப்ரல்தோறும் மாற்றுகிறது. உங்கள் சம்பளம் அதற்கும் கீழே போனால் அது புகார் செய்ய வேண்டிய விஷயம். உச்ச நீதிமன்றக் குழுவின் பரிந்துரை போல அல்ல, இதற்குச் சட்டத்தின் பலம் உண்டு.

ஆண் செவிலியருக்கு எதிர்காலம் இருக்கிறதா? நேர்காணலில் ‘லேடி ஸ்டாஃப்தான் வேண்டும்’ என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்கள்.
– ஒரு வாசகர், தருமபுரி

தம்பி, பிரசவ வார்டு உள்ள சின்ன மருத்துவமனைகளின் வாசலில் நின்றால் அப்படித்தான் சொல்வார்கள். நீங்கள் போக வேண்டிய இடம் டயாலிசிஸ், அறுவை அரங்கு, அவசர சிகிச்சை, எலும்பு முறிவுப் பிரிவு. நூறு கிலோ நோயாளியைப் புரட்டிப் போட ஆள் தேடும் எந்த ஐ.சி.யூ. பொறுப்பாளரும் உங்களை வேண்டாம் என்று சொல்ல மாட்டார். 108 ஆம்புலன்சில் மருத்துவ உதவியாளர் வேலைக்கு நர்சிங் படித்தவர்களை எடுக்கிறார்கள். பெரிய தொழிற்சாலைகளின் முதலுதவி மையங்களிலும் ஆண் செவிலியர்கள் இருக்கிறார்கள். வேலை அமைதியானது, ஆனால் கை மழுங்கிவிடும். நார்செட்டில் 80-க்கு 20 என்று இடங்கள் பிரிக்கப்பட்டிருக்கின்றன. ஆண்களுக்கு அந்த இருபதுதான். போட்டி கடுமை. மதிப்பெண் கூடுதலாக எடுத்தாக வேண்டும்.

குவைத்தில் ஸ்டாஃப் நர்ஸ் வேலை, நம் பணத்தில் இரண்டு லட்சம் சம்பளம் என்கிறார் ஒரு ஏஜென்ட். ஐந்து லட்சம் கேட்கிறார். கொடுக்கலாமா?
– ஒரு வாசகி, ராமநாதபுரம்

கொடுக்கக் கூடாது. வெளிநாட்டு வேலைக்குப் பதிவு பெற்ற முகவர் சட்டப்படி வாங்கக்கூடிய கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான். முன்பு அந்த வரம்பு இருபதாயிரத்தை ஒட்டி இருந்தபோது, கொச்சியில் ஒரு நிறுவனம் 19,500 வாங்க வேண்டிய இடத்தில் பத்தொன்பதரை லட்சம் வாங்கியதாக 2015-இல் சி.பி.ஐ. வழக்குப் போட்டது. அதுவும் குவைத் வேலைக்குத்தான். இப்படிப்பட்ட கொள்ளைக்குப் பிறகுதான், வளைகுடா நாடுகள் உட்பட 18 நாடுகளுக்குச் செவிலியர்களை அரசு நிறுவனங்கள் வழியாகத்தான் அனுப்ப வேண்டும் என்று அதே ஆண்டு மத்திய அரசு உத்தரவிட்டது. நம் மாநிலத்தில் அந்த நிறுவனம் சென்னை கிண்டியில் இருக்கிறது. அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் என்று பெயர், 1978-இலிருந்து இருக்கிறது. முதலில் அங்கே பதிவு செய்யுங்கள்.

வளைகுடாவுக்குப் பெரும்பாலும் இரண்டு ஆண்டு அனுபவம் கேட்பார்கள். அந்த நாட்டு உரிமத் தேர்வு எழுத வேண்டும். உங்கள் பட்டம், பதிவு, அனுபவம் மூன்றையும் டேட்டாஃப்ளோ என்ற சரிபார்ப்புக்கு அனுப்புவார்கள். அவர்கள் நேரடியாக உங்கள் பழைய மருத்துவமனைக்கே எழுதிக் கேட்பார்கள். இங்கேதான் மறுபடி படுக்கை வருகிறது. அனுபவச் சான்றிதழில் சேர்ந்த தேதி, விலகிய தேதி, எந்தப் பிரிவு, மருத்துவமனையில் மொத்தம் எத்தனை படுக்கை என்ற நான்கும் இருக்க வேண்டும். எங்கள் தெருப் பெண் ஒருத்திக்கு ‘நன்னடத்தையுடன் பணியாற்றினார்’ என்று மட்டும் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அவள் திரும்பப் போய்க் கேட்பதற்குள் மருத்துவமனை கைமாறிவிட்டது. புதிய நிர்வாகத்துக்கு அவள் யார் என்றே தெரியவில்லை. மூன்று ஆண்டு உழைப்புக்குச் சாட்சி இல்லாமல் போனது. விலகும் அன்றே, பாக்கிச் சம்பளம் வாங்கும் அதே மேஜையில், இந்தக் காகிதத்தையும் படித்துப் பார்த்து வாங்கிவிடுங்கள்.

இங்கிலாந்து, ஜெர்மனி இரண்டில் எது நல்லது?
– ஸ்டாஃப் நர்ஸ், கோயம்புத்தூர்

உங்களுக்கு எந்த மொழி வருகிறதோ அது. இங்கிலாந்தில் ஓ.இ.டி. அல்லது ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் தேர்வு, பிறகு கணினித் தேர்வு, அங்கே போய் ஆஸ்கி என்ற செய்முறைத் தேர்வு. பதிவு பெற்ற புதிய செவிலியர் சேரும் ‘ஐந்தாம் பட்டை’ என்ற சம்பள நிலையின் தொடக்கச் சம்பளம் 2025-26-இல் ஆண்டுக்கு 31,049 பவுண்டு. ஆனால் சில ஆண்டுகளுக்கு முன் அள்ளி எடுத்ததுபோல் இப்போது எடுப்பதில்லை. அந்த நாட்டு நெறிமுறைப்படி வேலைக்காக உங்களிடம் ஆள்சேர்ப்புக் கட்டணம் வாங்கக் கூடாது. கேட்டால் ஆள் போலி.

ஜெர்மனிக்கு ஆள் தேவை இருக்கிறது. செவிலியராக முழு அங்கீகாரம் பெற ஜெர்மன் மொழியில் பி2 நிலை வேண்டும். அதற்கு ஓராண்டாவது ஒழுங்காகப் படிக்க வேண்டும். வேலை பார்த்துக்கொண்டே பி2 முடித்தவர்களைவிட, அதற்கு முந்தைய பி1-இல் நின்றுபோனவர்களைத்தான் நான் அதிகம் அறிவேன். ஷிப்டுக்கு ஏற்ப வகுப்பு இருக்கிறதா என்று பார்த்துப் பணம் கட்டுங்கள். இன்னொரு விஷயம்: அங்கே நோயாளியைக் குளிப்பாட்டுவதும் சாப்பாடு ஊட்டுவதும் செவிலியர் வேலை. இங்கே அதை உறவினர் தலையில் கட்டிவிட்டுப் பழகியவர்களுக்கு முதல் மாதம் முகம் வாடிவிடும்.

எம்.எஸ்ஸி. படித்தால் சம்பளம் கூடுமா?
– ஒரு வாசகி, வேலூர்

கல்லூரியில் கற்பிக்கப் போவதாக இருந்தால் படியுங்கள். வார்டில் நிற்கப் போவதாக இருந்தால், தனியார் மருத்துவமனைகள் எம்.எஸ்ஸி.க்கென்று பெரிதாக எதுவும் கூட்டித் தருவதில்லை. அந்த இரண்டு ஆண்டையும் ஒரு நல்ல ஐ.சி.யூ.வில் செலவழித்தால் அதிகம் கிடைக்கும்.

முதல் நாள் டூட்டிக்கு என்னென்ன எடுத்துப் போக வேண்டும்?
– புதிய செவிலியர், நாகர்கோவில்

நொடி முள் உள்ள கடிகாரம். அதைக் கையில் கட்டாமல் சட்டையில் குத்திக்கொள்ளுங்கள். நீலப் பேனாவும் சிவப்புப் பேனாவும் இரண்டிரண்டு. ஒன்றை டாக்டர் எடுத்துப் போய்விடுவார், திரும்பி வராது. சின்ன டார்ச். பாக்கெட் நோட்டு ஒன்று. அந்த நோட்டில் எந்த மாதம் எந்தப் பிரிவில் இருந்தீர்கள், எந்தக் கருவியைக் கையாண்டீர்கள் என்று எழுதி வாருங்கள். நோயாளியின் பெயரை மட்டும் எழுத வேண்டாம். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி மூன்று தவணையும் போட்டாகிவிட்டதா? இல்லையென்றால் வார்டுக்குள் போவதற்கு முன் அதைக் கேளுங்கள். போட்டுவிட வேண்டியது மருத்துவமனையின் பொறுப்பு. ஒன்றிரண்டு இடங்களில் அதற்கும் சம்பளத்தில் பிடிக்கிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். அப்படிப் பிடித்தால் ரசீதோடு எனக்கு எழுதுங்கள்.